சோடை போன ஓர் இரவும் சோடித்த பல இரவுகளும்

கேள்வி ஒன்று காதில் விழுந்ததும் பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஆளுக்கொரு விடை சொல்வதுதான் தொலைக்காட்சி அறிவுப் புதிர்ப் போட்டியின் தனிச் சுவை. பெட்டிக்குள் இருப்பவர் திணறும்போது நம் வீட்டுப் பையன் சட்டென்று சரியான விடையைச் சொல்லிவிட்டால் தாய்க்கு எத்தனை பெருமை! தோட்டமானாலும் பட்டணமானாலும் குடும்பத்தோடு கூடி இருந்து பார்க்கத் தகுந்த நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று.

ஆனால், நாம் பார்ப்பது உண்மையான போட்டிதானா? இந்தக் கேள்வியை ஒரு காலத்தில் அமெரிக்க நாடே கேட்க நேர்ந்தது. பெற்றோரும் ஆசிரியரும் அறிந்துகொள்ள வேண்டிய கதை அது.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருவர்

1955ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'அறுபத்து நாலாயிரம் டாலர் கேள்வி' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. பரிசுப் பணத்தின் பெருமையால் அது பெரும் புகழ் அடைந்தது. உடனே மற்றவர்களும் அதே வழியில் இறங்கினார்கள். 1956ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி என்.பி.சி. நிலையத்தில் 'டுவென்டி ஒன்' என்ற புதிய போட்டி அரங்கேறியது. 'ஜெரிட்டோல்' என்னும் டானிக்கை விற்ற நிறுவனம் அதன் விளம்பரதாரர். தயாரித்தவர் டான் என்ரைட். கேள்வி கேட்டவர் ஜாக் பாரி.

ஒலி புகாத இரண்டு கண்ணாடிக் கூண்டுகளில் போட்டியாளர் இருவரும் நிற்பார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. கேள்விகளுக்கு 1 முதல் 11 வரை புள்ளிகள் உண்டு. புள்ளி ஏற ஏறக் கேள்வியும் கடினமாகும். சரியாகச் சொன்னால் புள்ளி கூடும். தவறினால் குறையும். முதலில் 21 புள்ளியை எட்டுபவருக்கே வெற்றி.

முதல் இரவு போட்டி நேர்மையாகவே நடந்தது. முன்கூட்டி யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. விளைவு என்ன தெரியுமா? போட்டியாளர்கள் கேள்விக்குக் கேள்வி தடுமாறினார்கள். தவறான விடைகள் மேலும் மேலும் வந்தன. புள்ளிகள் ஏறவில்லை. பார்த்தவர்களுக்குச் சலிப்புத்தான் மிஞ்சியது. விளம்பரதாரர் கடுங்கோபம் கொண்டார். இப்படி ஒரு நிகழ்ச்சி இனி ஒருமுறை வரக் கூடாது என்று தயாரிப்பாளருக்குக் கட்டளை பறந்தது.

அன்றே முடிவாகிவிட்டது. இனிமேல் கேள்விகளையும் விடைகளையும் முன்னதாகவே கொடுத்துவிடுவது, யார் வெல்ல வேண்டும், யார் தோற்க வேண்டும் என்பதையும் முன்னதாகவே எழுதிவிடுவது!

வேர்வை துடைக்கவும் ஒத்திகை

இந்த ஏற்பாட்டில் முதலில் சிக்கியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஸ்டெம்பல். இரண்டாம் உலகப் போரில் படையில் இருந்தவர். நியூயார்க் நகரக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த குடும்பஸ்தர். நினைவாற்றல் மிக்கவர். என்ரைட் அவர் வீட்டுக்கே கேள்வி அட்டைகளோடு போய்ச் சேர்ந்தார்.

விடைகளோடு வேடமும் கொடுக்கப்பட்டது. முடியை ஒட்ட வெட்ட வேண்டும். பொருத்தமில்லாத பழைய கோட்டு அணிய வேண்டும். விடை சொல்லுமுன் எத்தனை நேரம் தயங்குவது, நெற்றி வேர்வையை எப்போது ஒற்றி எடுப்பது என்பதற்கெல்லாம் ஒத்திகை நடந்தது. வேர்வை நன்றாக வழிய வேண்டும் என்று கூண்டின் குளிர்சாதனத்தையும் நிறுத்தினார்கள். ஏழை மாணவன் ஒருவன் அறிவின் வலிமையால் உயர்கிறான் என்று பார்த்தவர்கள் மனம் உருகினார்கள்.

சில வாரங்களில் அந்த முகம் அலுத்துவிட்டது. வேறு நாயகன் வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் போதித்த சார்ல்ஸ் வான் டோரன் கிடைத்தார். வயது 30. பார்வைக்கு இனியவர். தந்தை மார்க் வான் டோரன் புலிட்சர் பரிசு பெற்ற கவிஞர். இனி ஸ்டெம்பல் தோற்றாக வேண்டும்.

1956ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அந்த நாடகம் நடந்தேறியது. 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற படம் எது என்று கேட்டார்கள். விடை 'மார்ட்டி'. ஸ்டெம்பல் மும்முறை பார்த்து ரசித்த படம் அது! இந்தக் கேள்விக்காவது உண்மையாக விளையாட விடுங்கள் என்று முன்பே கெஞ்சியிருந்தார், விடவில்லை. கூண்டுக்குள் நின்று, தெரிந்த விடையை விழுங்கிவிட்டு, முந்தைய ஆண்டு விருது பெற்ற 'ஆன் தி வாட்டர்பிரண்ட்' படத்தின் பெயரைச் சொன்னார். தெரியாததைத் தெரிந்ததுபோல் நடிப்பது ஒரு இழிவு என்றால், தெரிந்ததைத் தெரியாததுபோல் சொல்ல வைப்பது அதனினும் கொடுமை அல்லவா?

ஆசிரியத் தொழிலின் பெயரால்

வான் டோரன் வாரத்துக்கு வாரம் வென்றார். 1957 பிப்ரவரியில் 'டைம்' இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. அதே ஆண்டு மார்ச் 11ஆம் தேதி விவியன் நியரிங் என்ற பெண் வழக்கறிஞரிடம் தோற்று விடைபெறும்போது அவர் வென்றிருந்த தொகை 129,000 டாலர். அந்தத் தோல்வியும் முன்பே எழுதி வைத்ததுதான்.

கற்ற மனிதர் இதற்கு எப்படி இணங்கினார்? இது வெறும் கேளிக்கைதான், எல்லாரும் செய்வதுதான் என்றார்கள். அதோடு, நீங்கள் வென்றால் கல்விக்கும் ஆசிரியர்களுக்கும் மக்களிடையே மதிப்பு உயரும் என்றும் ஆசை காட்டினார்கள். இதைப் பின்னாளில் அவரே சாட்சியத்தில் சொன்னார். கரும்பலகையின் முன் நின்று பழகிய எவருக்கும் இந்தச் செய்தி நெஞ்சில் முள்ளாகத் தைக்கும். பொய்யைத் தூக்கி நிறுத்த ஆசிரியத் தொழிலையே முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்!

வெளுத்தது சாயம்

ஸ்டெம்பல் உண்மையைச் சொல்ல முன்வந்தபோது, தோற்றவனின் பொறாமை என்றே பலர் எண்ணினார்கள். 1958இல் 'டாட்டோ' என்ற வேறொரு போட்டியில், தன் முறைக்காகக் காத்திருந்த ஒருவர், மற்றொரு போட்டியாளரின் குறிப்புப் புத்தகத்தில் விடைகள் எழுதியிருப்பதைக் கண்டுவிட்டார். ஆகஸ்டில் அந்த நிகழ்ச்சி நின்றது. விசாரணை தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் 'டுவென்டி ஒன்' நிகழ்ச்சியும் நின்றது.

ஜேம்ஸ் ஸ்னோட்கிராஸ் என்ற ஓவியர் செய்த வேலை சாமர்த்தியமானது. தமக்கு முன்கூட்டிக் கொடுக்கப்பட்ட கேள்வி விடைகளை எழுதி, நிகழ்ச்சிக்கு முன்பே பதிவுத் தபாலில் தமக்கே அனுப்பி வைத்திருந்தார். 1959ஆம் ஆண்டு நாடாளுமன்றக் குழுவின் முன் அந்த உறைகள் பிரிக்கப்பட்டன. தேதி முத்திரைக்கு மறுப்பு ஏது?

அதே ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி வான் டோரன் உண்மையை ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகப் பணியும் தொலைக்காட்சிப் பணியும் பறிபோயின. போட்டியில் விடை கொடுப்பது அன்று குற்றமாக இல்லை. சத்தியம் செய்து பொய் சொன்னதே குற்றம். 1962இல் அந்தக் குற்றத்தை ஏற்ற அவருக்குத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. பரிசுப் போட்டிகளில் சூது செய்வதைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் 1960இல் வந்தது. 1994இல் ராபர்ட் ரெட்போர்ட் இக்கதையைத் திரைப்படமாக்கினார். வான் டோரன் 2019இலும் ஸ்டெம்பல் 2020இலும் காலமானார்கள்.

பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவோம்?

சற்று எண்ணிப் பாருங்கள். எல்லாரும் ஏமாற்றம் என்று ஒதுக்கிய அந்த முதல் இரவில்தான் உண்மை இருந்தது. மனிதனுக்குத் தெரிந்தது கொஞ்சம், தெரியாதது அதிகம் என்பதை அந்த இருவரும் ஒளிவுமறைவின்றிக் காட்டினார்கள். பிறகு வந்த பரபரப்பான இரவுகள் பளபளக்கும் பித்தளை.

இதே ஆசை நம்மிடமும் எட்டிப் பார்க்கக்கூடும். பள்ளி விழாவிலோ கோயில் மண்டபத்திலோ புதிர்ப் போட்டி வைக்கும்போது, பிரமுகர் முன்னிலையில் பிள்ளைகள் திணறினால் மானம் போகுமே என்று கேள்விகளை முந்தின நாளே கசியவிடத் தோன்றும். வேண்டாம். கேள்வித் தாளை உறையிலிட்டு ஒட்டுங்கள். மேடையில் எல்லார் முன்னிலையிலும் பிரியுங்கள். பிள்ளைகளின் வயதுக்கேற்ற கேள்வியாகத் தேர்ந்தெடுங்கள். கைதட்டலுக்கு அதுவே போதும். "தெரியாது, ஐயா" என்று ஒரு பிள்ளை தலைநிமிர்ந்து சொன்னால் அதற்கும் கை தட்டுங்கள். மறுநாள் அந்தப் பிள்ளை நூலகத்துக்கோ அகராதிக்கோ கைப்பேசிக்கோ போய் விடையைத் தேடும். தேடிக் கண்டது மறக்காது.

இரவல் விடையால் வந்த பரிசுக் கோப்பை அலமாரியில் இருக்கும் வரைதான். தானே தேடிய ஒரு விடை பிள்ளையோடு வாழ்நாள் முழுதும் வரும். எது வேண்டும் என்பதைப் பெரியவர்களாகிய நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.