வலவனுக்கும் ஒரு மனை உண்டு

வினைமுடித்து மீளும் தலைவன் தன் தேர்வலவனை நோக்கிப் பேசுவதாக அமைந்த பாடல்கள் சங்க நூல்களில் பல. கார்காலம் வந்துவிட்டது, முல்லை அரும்பிவிட்டது, மனையாள் வழிபார்த்து வாடியிருப்பாள், ஆதலின் தேரை விரைந்து செலுத்துக என்பது அப்பேச்சின் சாரம். அகநானூற்றைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் எவரும் இத்துறையை விரித்துரைக்கத் தவறுவதில்லை. ஆயின், அவ்வலவனுக்கும் ஒரு மனை இருந்திருக்கும். அங்கும் ஒருத்தி காத்திருந்திருப்பாள். அவளைப் பற்றிக் கேட்போர் அரியர். தலைவனின் ஏக்கம் பாட்டாயிற்று. வலவனுக்குக் கிடைத்தது கடிவாளம்.

ஓட்டுவார் எவரும் வேண்டாத வானவூர்தியைப் புறநானூற்றுக் காலத்தார் கற்பனை செய்ததும் ஆசிரியர்கள் அறிந்ததே. இன்றைய வானவூர்திக்கோ இருவர் வேண்டும். தொலைநாடு செல்வதாயின் மூவர் அல்லது நால்வர் வேண்டும். அந்நால்வருள் கடையில் நிற்கும் இளநிலைத் துணை விமானியின் வேலைநேரமும் ஊதியமும் இல்லறமும் எத்தன்மையன என்பதை அறிவது, ‘பெரியவனானதும் விமானி ஆவேன்’ என்று சொல்லும் மாணவரைக் கொண்ட ஆசிரியர்களுக்குப் பயன்தரும்.

ரந்தாவை அடுத்த கோலா சாவா வட்டாரத்துத் தோட்டங்களுக்கு வடமேற்கே, ஏறத்தாழ ஒரு மணி நேரச் சாலைப் பயணத்தில், சிப்பாங்கில் உள்ளது கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம். 1998 ஜூனில் அது திறக்கப்படுமுன் அந்நிலத்தின் பெரும்பகுதி செம்பனைத் தோட்டமாக இருந்தது. இன்றும் விடியுமுன் இவ்வட்டாரத்து வானத்தில் தாழ்ந்து வரும் விமானத்தின் விளக்கைக் காணலாம். பால்மரம் வெட்டுவோர் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்லும் நேரமும் அதுவே. வெயிலேறுமுன் மரத்தின் பாற்குழல்களில் அழுத்தம் மிகுதி; அப்பொழுது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே தோட்டத்தாரின் வைகறை வேலை மரம் வகுத்த விதி. விமானியின் இரவு வேலை அத்தகையதன்று. பயணி இரவில் உறங்கிக் காலையில் சென்றிறங்க விரும்புகிறான். விலைமிக்க விமானத்தைத் தரையில் நிறுத்திவைப்பது நிறுவனத்துக்கு இழப்பு. சென்றடையும் நிலையமோ குறித்த வேளையில்தான் இறங்க இடந்தரும். இம்மூன்றும் கூடி விமானியின் இரவைப் பறிக்கின்றன.

இனி, கணக்கைக் காண்போம். பல நாடுகளின் சட்டப்படி ஒரு விமானி 28 நாட்களில் 100 மணி நேரத்துக்கு மேல் பறத்தல் ஆகாது. ஓராண்டில் 900 அல்லது 1000 மணி நேரமே எல்லை. மாதத்துக்கு எண்பது மணி என்று கேட்பவர், இஃதென்ன எளிய வேலை என்று எண்ணக்கூடும். ஆசிரியரின் வேலையைப் பாடவேளைகளை மட்டும் எண்ணி அளப்பவரும் அவ்வாறே எண்ணுவர். விமானத்தின் சக்கரம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்ந்த நொடி முதல், சென்றடைந்த நிலையத்தில் அது நிற்கும் நொடி வரையே பறந்த நேரம் எனப்படும். வீட்டிலிருந்து நிலையம் செல்வதும், வானிலை, எரிபொருள், வழித்தடம் ஆகியவற்றை ஆராய்வதும், புயலாலோ பழுதாலோ காத்திருப்பதும், அயல்நாட்டு விடுதியில் விழித்துக் கிடப்பதும் அக்கணக்கில் ஏறுவதில்லை. கோலாலம்பூரிலிருந்து இலண்டனுக்கு ஏறத்தாழ 14 மணி நேரம். சென்று, அங்கே ஓய்வெடுத்து, மீண்டு வர மூன்று நான்கு நாட்கள் கழிந்துவிடும். மாதத்தில் மூன்று முறை இவ்வாறு சென்று வந்தால் எண்பது மணிக்கு மேல் ஆகிவிடுகிறது. வீட்டை விட்டு நீங்கியிருந்த நாட்களோ பத்துப் பன்னிரண்டு. மீண்ட பின் உடல் தெளியக் கழியும் நாட்கள் இதற்குப் புறம்பு.

அவ்வுடலின் செய்தி தனியே விளக்கத்தக்கது. மனித உடலுக்குள் ஒரு நாழிகைவட்டில் ஓடுகிறது. ஒளியைக் கொண்டு அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை உடல்வெப்பம் தாழ்ந்து, கவனமும் கணிப்பும் மிகத் தளரும். ஒரு மணி நேர வேறுபாட்டுக்குப் பழக ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. இலண்டனுக்கும் மலேசியாவுக்கும் வேறுபாடு கோடையில் ஏழு மணி, குளிரில் எட்டு மணி. ஆகவே அங்குத் தங்கும் ஓரிரு நாளில் விமானியின் உடல் அவ்வூருக்குப் பழகுவதே இல்லை. நண்பகலில் திரையை இழுத்துவிட்டு ஊர்நேரப்படி உறங்க முயல்வார் பலர். இலண்டனில் இரவு பத்து மணிக்குப் புறப்படும் விமானம், அவர்தம் உடற்கணக்கில் காலை ஐந்துக்கோ ஆறுக்கோ புறப்படுகிறது. உடல் மிகத் தாழ்ந்திருக்கும் அந்த வேளையில்தான் புறப்பாட்டுக்குரிய ஆயத்தமெல்லாம் நடைபெறுகிறது.

இதற்கு மாற்று உண்டா என்று அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா ஆராய்ந்து 1994-இல் அறிக்கை வெளியிட்டது. நெடும்பயண விமானிகளுக்கு இருக்கையிலேயே முறைவைத்து 40 நிமிடம் ஓய்வு தந்தபோது, சராசரியாக 26 நிமிடம் உறங்கினர். உறங்கியவர் விழிப்பும் திறனும் உறங்காதவரைவிட மேம்பட்டிருந்தன. பின்னர்ப் பல நாடுகள் இம்முறையை ஏற்றன. நால்வர் செல்லும் விமானத்தில் பயணிகள் காணாத சிறு படுக்கையறையும் உண்டு. இருவர் ஓட்ட இருவர் படுப்பர். எப்பொழுது படுப்பது என்பதில் மூத்தவர் விருப்பமே முன்னிற்பது பல இடங்களில் வழக்கம்.

மூப்பு என்னும் அச்சொல்லே இத்தொழிலின் அச்சாணி. ஆற்றல் இருவருக்கும் ஒன்றாக இருப்பினும், பணியிற் சேர்ந்த நாளே பல நிறுவனங்களில் முறையை வகுக்கிறது. எந்தத் தடம், எந்த நாள் விடுமுறை, எப்பொழுது தலைமை விமானி ஆவது என்பனவெல்லாம் அவ்வரிசைப்படி. மாதந்தோறும் வெளிவரும் பணிநிரலை விமானிகள் ரோஸ்டர் என்பர். அதில் தீபாவளியும் பொங்கலும் பள்ளி விடுமுறையும் மூத்தோர் கொண்டபின் எஞ்சியவையே இளையோர்க்கு. மேலும், மாற்றாள் பணி என்றொன்று உண்டு. வேறொருவர் நோயுற்றால் ஓடிச்செல்ல, சீருடையைத் தேய்த்து மாட்டிவைத்து, நிலையத்துக்கு அருகிலேயே காத்திருக்க வேண்டும். அழைப்பு வராமலும் போகலாம். வீட்டில் இருந்தும் இல்லாதவராக அந்நாள் கழியும். தோட்டத்தில் மழைபெய்யும் காலையில் பிரட்டுக்களத்தில் நின்றுவிட்டு, வெட்டு உண்டா இல்லையா என்று மண்டோரின் வாயைப் பார்த்திருந்தவர்களுக்கு இந்நிலை புரியும்.

நெடும்பயண இளையோர்க்கு மற்றுமொரு குறை உண்டு. வெளியார் இதனை அறியார். குறுந்தொலைவு விமானி ஒரே நாளில் நான்கு முறை இறக்குவார். நெடும்பயணத்திலோ பதினான்கு மணிக்கு ஒரே இறக்கம். அதனையும் நால்வர் பங்கிட வேண்டும். மாதத்துக்கு ஒன்றிரண்டு கிடைத்தால் பேறு. 90 நாட்களில் மூன்று முறையேனும் ஏற்றி இறக்கியிருத்தல் வேண்டும் என்பது அனைத்துலக விதி. அது நிறைவேறாதபோது, விமானம் போலவே இயங்கும் பயிற்சிக்கூண்டில் அமர்ந்து நிறைவுசெய்வர். சில நிறுவனங்களில் கடைநிலை விமானி, நடுவானில் மட்டும் இருக்கையில் அமரலாம். ஏற்றவோ இறக்கவோ உரிமையில்லை. பறந்த மணிகள் குவியும். கையின் பழக்கமோ மெலியும்.

ஊதியத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் கடனைப் பற்றிப் பேசவேண்டும். மலாக்காவின் பத்து பெரண்டாம் உட்படச் சில ஊர்களில் விமானப் பயிற்சிக்கூடங்கள் இயங்கி வந்துள்ளன. ஒரு வீட்டை வாங்கும் பணத்தைக் கட்டி, இருநூறு மணி நேரம் அளவு பறந்து, உரிமம் பெறுபவர் உடனே வேலை பெறுவார் என்பதற்கு உறுதியில்லை. தலைமை விமானியாதற்குரிய உயர் உரிமத்துக்கு 1500 மணி வேண்டும். வேலை கிடைத்தால் ஒரு நிலையான சம்பளமும், பறந்த மணிக்கேற்ற படியும், அயல்நாட்டில் தங்கும் செலவுக்கான படியும் கிடைக்கும். வெட்டிய பாலுக்கேற்பக் கூலி பெற்றவர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், நாட்கூலிக்கு மாற்றாக மாதச் சம்பளம் வேண்டும் என்று நெடுங்காலம் வாதிட்டதன் காரணமும் இதுவே. மழை தொழிலாளியின் குற்றமன்று. அவ்விழப்பை அவன் தலையில் மட்டும் சுமத்தலாகாது. 2020-இல் பெருந்தொற்றால் விமானங்கள் தரையில் நின்றபோது, பறந்த மணி இல்லாமையால் படியும் இல்லாமற்போயிற்று. சம்பளமில்லா விடுப்பும் வேலைநீக்கமும் மலேசிய விமானிகளையும் தாக்கின. சீருடையுடன் உணவுக்கடையில் நின்ற ஒரு விமானியின் படம் அவ்வாண்டு நாளேடுகளில் வந்தது. கடன் தவணைக்கோ சக்கரம் நகர வேண்டியதில்லை. அது மாதந்தோறும் வந்துகொண்டிருந்தது.

ஒரே அறையில் ஒரே வேலையைச் செய்யும் இருவர்க்கு இருவேறு சம்பளத் திட்டம் வகுத்ததும் இத்துறையில் உண்டு. 1983-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், இனிச் சேர்வோர்க்குக் குறைந்த அளவு என்று ஒப்பந்தம் செய்தது. பத்தாண்டு கழித்து ஹாங்காங்கின் கெத்தே பசிபிக்கும் புதியோர்க்கென வேறொரு தாழ்ந்த வரிசை வகுத்தது. பழையவர் உரிமை காக்கப்பட்டது என்பது உண்மையே. காத்த செலவு இன்னும் வேலைக்கு வராத இளையோரின் கணக்கில் எழுதப்பட்டது.

களைப்பும் வரிசைமுறையும் சேருமிடத்தில் நேர்வது யாது என்பதற்கு மங்களூர் சான்று. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து இரவில் பறந்துவந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், காலை ஆறு மணியளவில் ஓடுபாதையைத் தாண்டி ஓடிப் பள்ளத்தில் விழுந்தது. இருந்த 166 பேரில் 158 பேர் மாண்டனர். தலைமை விமானி பயணத்தின் பெரும்பொழுது உறங்கியதை ஒலிப்பதிவுக் கருவி காட்டிற்று. இறக்கம் பிழையாகிறது, மீண்டும் மேலே எழுப்புக என்று துணை விமானி ஒருமுறைக்கு மேல் கூறியதும் அதில் பதிவாகியிருந்தது. அவர் கூறினார், கைப்பற்றி எழுப்பவில்லை. மூத்தவர் கையிலிருப்பதை இளையவர் பறிப்பது நம்மவரிடை எத்துணை அரிது என்பதை விளக்கவேண்டுவதில்லை.

அதற்கு முந்திய ஆண்டு, 2009 பிப்ரவரி 12 அன்று, அமெரிக்காவில் பஃபலோ நகரருகே கோல்கன் நிறுவனத்தின் சிறு விமானம் வீழ்ந்து 50 பேர் இறந்தனர். அது குறுந்தொலைவுப் பயணமே. எனினும் அதன் துணை விமானி, நாட்டின் மேற்குக் கோடியான சியாட்டலிலிருந்து கிழக்குக் கோடியிலுள்ள பணியிடத்துக்கு இரவு முழுதும் பயணம் செய்து வந்தவர். களைப்பு எந்த அளவுக்கு விபத்துக்குக் காரணம் என்று ஆய்வுக்குழு அறுதியிட்டுரைக்கவில்லை. ஆயினும் அவ்விளம்பெண்ணின் சிறு சம்பளமும் நெடும்பயணமும் அந்நாட்டு மக்கள்மன்றத்தில் பேசப்பட்டன. 2014 முதல், பணிக்கு முன் பத்து மணி நேர ஓய்வும் அதனுள் எட்டு மணி நேர உறக்கத்துக்கு இடமும் தரல் வேண்டும் என்று அங்கு விதி வந்தது. மிக எளிய விதி. ஐம்பது உயிர் கொடுத்து வாங்கியது.

இந்தியாவிலும் விதி திருத்தப்பட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாயிற்று. விமானி வாரத்தில் செய்யத்தகும் இரவு இறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாயின. 2024 தொடக்கத்தில் அறிவித்த விதி, நிறுவனங்கள் தடைசொல்ல, 2025-இல் இரு கட்டமாகவே நடைமுறைக்கு வந்தது. நவம்பரில் இரண்டாம் கட்டம் தொடங்கிய சில வாரங்களில், டிசம்பரில், இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான பயணங்களை நிறுத்த நேர்ந்தது. போதிய விமானிகளை முன்கூட்டிச் சேர்க்காமையே பெருங்குறை. நிலையங்களில் மக்கள் பட்ட அல்லலைக் கண்டு அரசு சில விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. உறங்க வேண்டியவர் உறங்கினால் ஒரு நாட்டின் வானப் போக்குவரத்தே தடுமாறும் என்றால், அதுநாள்வரை அது எதன்மேல் ஓடிற்று என்பது தெளிவு.

இல்லத்துக்கு வருவோம். பொருள்வயிற் பிரிவு என்று இலக்கணம் கூறுவது ஒருமுறை சென்று ஒருமுறை மீள்வது. விமானியின் மனையாளுக்கோ அது மாதத்தில் மூன்று நான்கு முறை. கார்காலம் என்ற தவணையும் இல்லை, ரோஸ்டர் என்ற தாள் உண்டு. அத்தாளை வைத்தே மருத்துவர் நாளும் உறவினர் திருமணமும் குறிக்கப்படும். கணவன் மீண்ட நாளில் வீட்டார் மெல்லப் பேசவேண்டும். அவர் பகலில் உறங்குகிறார். மனைவியும் வேலைக்குச் செல்பவராயின், அவர் தாயோ மாமியாரோ உடனிருந்தாலன்றி இல்லறம் நடவாது. பெண்ணே விமானியாயின் கூறவேண்டுவதில்லை. உலக விமானிகளுள் பெண்கள் ஏறத்தாழ இருபதில் ஒருவரே. இந்தியாவில் அவ்வளவைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டோர் உளர். கூட்டுக்குடும்பத்தின் துணையும் அதற்கு ஒரு காரணம் என்பர்.

தோட்டங்களில் தாய்மார் இருட்டோடு பிரட்டுக்குச் சென்றபோது, கைக்குழந்தைகளைத் தூக்கிவந்து ஒப்படைக்க ஆயாக் கொட்டகை இருந்தது. அதன் குறைகள் பல. ஆயினும் அந்நேரத்தில் அது திறந்திருந்தது. நடுப்பகலுக்குப் பின் தாய் பால் நிறுத்துவிட்டு வீடு திரும்பியபோது, பள்ளி விட்டு வந்த பிள்ளையும் அங்கிருக்கும். நள்ளிரவில் பணிக்குப் புறப்படும் விமானிகளின் பிள்ளைகளுக்கு அந்நேரத்தில் திறந்திருக்கும் காப்பகம் அரிது. சிப்பாங், நீலாய் வட்டாரத்துக் குடியிருப்புகளில் அவ்வேளை விளக்கெரியும் வீட்டில், பாட்டி எழுந்து வந்து உறங்கும் குழந்தையைத் தன் பக்கம் கிடத்திக்கொள்கிறாள்.