இரத்தப் பரிசோதனைத் தாளைப் படிப்பது எப்படி?

1969-ல் புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரால், அவர் பிறந்த காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று இயங்கி வருகிறது. ஆயினும் இந்நோயின் சிகிச்சை பற்றிய வீண் அச்சம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. நெசவாள அங்கத்தினர் ஒருவர் தம் மனைவியின் இரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் காட்டி, "வெள்ளணு குறைந்துவிட்டதே, நோய் முற்றிவிட்டதா? மருந்தை நிறுத்திவிடலாமா?" என்று வினவினார்.

புற்றுநோய் மருந்து, விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குவது. எலும்பு மஜ்ஜையில் உண்டாகும் இரத்த அணுக்களும் அத்தகையனவே. ஆதலின் அவையும் குறைகின்றன. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளணுக்கள், பல மருந்துகளில் 7 முதல் 14 நாட்களுக்குள் மிகவும் தாழ்ந்து, பின்னர் ஏறும். ஒரு நாள் இருப்பைக் கொண்டு சங்கத்தின் நிலையை நாம் தீர்மானிப்பதில்லை அல்லவா? எனவே, பழைய தாள்களையும் ஊசி போட்ட தேதிகளையும் வரிசையாக வைத்து மருத்துவரிடம் காட்டுக.

ஆனால் வெள்ளணு தாழ்ந்துள்ளபோது காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினால், நள்ளிரவேயாயினும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாத்திரை விழுங்கிவிட்டு விடியும்வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தால், தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். அப்போதும் தாமதம் கூடாது.

அவ்வங்கத்தினர் தாளுடன் மருத்துவரிடம் சென்றார். அடுத்த தவணை ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது, சிகிச்சை நிற்கவில்லை.