வீடு நனைந்த பிறகு பாலிசியைத் தேடலாமா?

"நம் பக்கம் புயலெல்லாம் வராது" என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறீர்களா? 2001 டிசம்பர் 27-ஆம் நாள் 'வாமெய்' என்ற புயல் நம் ஜொகூரின் தென்கிழக்கில்தான் கரையேறியது. நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு அருகில் அதற்கு முன் புயல் உருவானதாகப் பதிவே இல்லை. ஆனாலும் காற்றைவிட நம்மை வாட்டுவது தண்ணீர்தான். 2006 டிசம்பரில் மூழ்கிய கோத்தா திங்கி, கழுவித் துடைத்து முடிப்பதற்குள் 2007 ஜனவரியில் மறுபடியும் மூழ்கியதே! 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட் மக்கள் பட்ட பாடும் தெரியும்.

பருவமழை நவம்பரில் தொடங்கிவிடும். அதற்குள் ஒருநாள் மாலை, அலமாரியில் கிடக்கும் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலமோ மலாயோ புரியாவிட்டால் படிக்கும் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

தாமானில் கடனுக்கு வீடு வாங்கியவர்களே! பேங்குக்காக எடுத்தது வெறும் தீக் காப்புறுதியானால் நெருப்புக்கும் மின்னலுக்கும் பணம் உண்டு; வெள்ளத்துக்கு இல்லை. அதைக் கூடுதல் கட்டணம் கட்டித்தான் சேர்க்க வேண்டும். வீட்டுப் பொருள்களுக்கு வேறு பாலிசி. "லயத்து வீடு தோட்டத்துடையது, நமக்கென்ன?" என்பீர்கள். வீடு அவர்களுடையதுதான், டி.வி.யும் ஐஸ் பெட்டியும் தையல் மெஷினும் யாருடையவை?

காரின் முழுக் காப்புறுதியிலும் வெள்ளம் பெரும்பாலும் தனிச் சேர்க்கைதான். மோட்டார் சைக்கிளுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் ஒரு காசும் வராது.

பத்திரம், அடையாளக் கார்டு, பிறப்புச் சூரா எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். கைப்பேசியில் படமெடுத்து வெளியூர்ச் சொந்தக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.

வெள்ளம் வடிந்ததும் நம் பெண்கள் முதலில் துடைப்பத்தைத்தான் எடுப்பார்கள். பொறுங்கள் அம்மா! சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் கெட்ட பொருள்களையும் முதலில் படம் எடுக்க வேண்டும். கம்பெனிக்கு உடனே தெரிவியுங்கள். போலீஸ் புகார் வேண்டுமா என்றும் கேளுங்கள். அவர்கள் ஆள் வந்து பார்க்குமுன் பொருள்களை வீசிவிடாதீர்கள். நனைந்த காரை முடுக்கிப் பார்க்கவே கூடாது, இன்ஜின் போய்விடும். நிரப்பாத பாரத்தில், ஏஜெண்டு எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.

கம்பெனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் தீராவிட்டால், 2025 முதல் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவை என்ற பெயரில் இயங்கும் அமைப்பிடம் போகலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை.