ஒரு கோல் போதும்

அலபாமா மாநிலத்தின் கன்டர்ஸ்வில் ஏரியில் மீன்பிடிப் போட்டி நடக்கும் நாளில் படகுகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒவ்வொரு படகின் முன்தளத்திலும் தூண்டில் கோல்கள் வரிசையாகக் கிடக்கும். ரப்பர் புழுவுக்கு ஒன்று, தவளைக்கு ஒன்று, மரத்தில் கடைந்த குஞ்சுமீனுக்கு ஒன்று என்று ஒவ்வொரு போலி இரைக்கும் தனிக் கோல், தனி ரீல். போட்டியாளர்களுக்கு அது தொழில். விடுமுறையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கரையில் நின்று வீசப் போகிறவருக்கு ஒரு கோலும் ஒரு ரீலும்தான் கட்டுப்படியாகும். அந்த ஒன்று எதுவாக இருக்கலாம் என்று கேட்டால் அமெரிக்கத் தூண்டில்காரர்களில் பலரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: ஏழடி நீளம், ‘மீடியம் ஹெவி’ வலு, ‘ஃபாஸ்ட்’ வளைவு. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. அதற்கான காரணங்கள் மீனின் வாயிலும் கோலின் வளைவிலும் இருக்கின்றன.

முதலில் மீன். இந்தக் கோல் குறிவைக்கும் லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். துரத்திப் பிடிப்பதைவிடப் பதுங்கிப் பிடிப்பதே அதற்குக் கைவந்த வேலை. பாசிக்காட்டின் விளிம்பிலோ மூழ்கிய மரத்தின் நிழலிலோ அசையாமல் நிற்கும். இரை பக்கத்தில் வந்ததும் வாயையும் செவுள் மூடியையும் ஒரே நேரத்தில் விரிக்கும். வாய்க்குள் அழுத்தம் சட்டென்று குறைய, தண்ணீரோடு இரையும் உள்ளே உறிஞ்சப்படும். ஒரு நொடியில் நூற்றில் சில பங்குதான் இதற்கு ஆகும். உள்ளே போனது இரையல்ல என்று தெரிந்தால் ஏறக்குறைய அதே வேகத்தில் துப்பிவிடும். கோல் பிடித்திருப்பவரின் விரலுக்கு வந்து சேர்வது ‘டக்’ என்று ஒரு சின்னத் தட்டல், அவ்வளவுதான்.

கடையில் புதிதாக வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, ‘இது எத்தனை கிலோ மீன் தாங்கும்?’ என்பது. பாஸ் மீனைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு அவ்வளவு மதிப்பில்லை. 1932இல் ஜார்ஜியாவில் பிடிபட்டதும் 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்டதும் சேர்ந்து உலகச் சாதனையைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டுமே 10 கிலோவைச் சற்றே தாண்டியவை. வழக்கமாகக் கிடைப்பது ஒன்று, இரண்டு கிலோ. 15 பவுண்டு தூண்டில் நரம்பு என்றால் ஏறக்குறைய 6.8 கிலோ இழுவிசையைத் தாங்கும். நரம்பைச் சோதிப்பது பெரும்பாலும் மீனைச் சுற்றிக்கொள்ளும் பாசியும் கட்டையும்தான்.

ஆகவே கோலைத் தேர்ந்தெடுக்க வேண்டியது வீசப்போகும் இரையின் எடையை வைத்து. கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் நீளம், வலு, நரம்பின் பவுண்டு, இரையின் அவுன்ஸ் எல்லாம் அச்சிட்டிருப்பார்கள். இவற்றில் கவனிக்க வேண்டியது கடைசி எண். ‘மீடியம் ஹெவி’ என்பதற்குத் தொழில்முழுதுக்குமான பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் மீடியம் ஹெவி இன்னொரு நிறுவனத்துக்கு மீடியமாக இருக்கும். இரையின் எடையைக் குறிக்கும் எண்ணில் அந்தக் குழப்பம் குறைவு.

ஏன் இரையின் எடை? கோல் ஒரு வில். முன்னோக்கி வீசும்போது நுனியில் தொங்கும் இரை தன் நிலைமத்தால் பின்தங்குகிறது, கோல் வளைகிறது, வளைவில் சேர்ந்த ஆற்றல் நிமிரும்போது இரைக்குப் போகிறது. இரை அளவுக்கு மீறி லேசாக இருந்தால் கோல் வளையவே வளையாது, கை பலத்தால்தான் தள்ள வேண்டும். அளவுக்கு மீறிக் கனத்தால் கோல் நிமிரத் திணறும், சில சமயம் முறியும். குண்டு கோத்த ரப்பர் புழு, தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட், ஈயத்தலை ஜிக் என்று பாஸுக்குப் போடும் இரைகளில் பெரும்பாலானவை 10 முதல் 20 கிராமுக்குள் அடங்கிவிடும். 3/8 முதல் 1 அவுன்ஸ் வரை, அதாவது 10 முதல் 28 கிராம் வரை என்று எழுதியிருக்கும் கோல் இவற்றை எல்லாம் வீசும். ஏழடி மீடியம் ஹெவி என்ற பெயரில் விற்பவற்றில் பல இந்த வரம்புக்குள்தான் வரும்.

அடுத்தது வளைவு. ‘ஃபாஸ்ட்’ என்றால் மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் எளிதில் வளையும், கீழே விறைப்பாக நிற்கும். ரப்பர் புழுவுக்குள் புதைத்த ஒற்றை முள் தடிப்பானது. முதலில் ரப்பரைத் துளைத்து, பிறகு மீனின் தாடையைத் துளைக்க வேண்டும். சுண்டி இழுக்கும்போது விறைப்பான அடிப்பகுதி இல்லாவிட்டால் அந்த விசை கோலின் வளைவிலேயே கரைந்துபோகும். தமிழ்நாட்டு ஏரிகளில் ரப்பர் தவளை போட்டு விரால் பிடிப்பவர்கள் இதே வகைக் கோலைக் கையில் எடுப்பதும் இதனால்தான். விராலும் பாசிக்குள் பதுங்கும் மீன், வாயும் கெட்டி.

மூன்று முனை முள் தொங்கும் குஞ்சுமீன் வடிவக் கிராங்க்பெய்ட்டுக்கு இதுவே தலைகீழ். அந்த முட்கள் மெல்லியவை, லேசான இழுப்பிலேயே ஏறிவிடும். விறைப்பான கோலால் வெடுக்கென்று இழுத்தால் மீன் முழுசாக உறிஞ்சுவதற்குள் இரை வாயிலிருந்து பிடுங்கப்படும். இங்கேதான் ஒரே கோல் வைத்திருப்பவர் சமாளிக்க வேண்டியிருக்கிறது. கோலில் இல்லாத இளக்கத்தை நரம்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நைலான் நரம்பு அறுபடும் தறுவாயில் 20 சதவீதத்துக்கும் மேல் நீளக்கூடியது. அதோடு, சுண்டி இழுக்காமல் ரீலைச் சுற்றிக்கொண்டே கோலைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்தால் போதும்.

இதனாலேயே பொதுப் பயன்பாட்டுக்கு நைலானைத்தான் சொல்வேன். ஃப்ளூரோகார்பனின் ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீருக்கு 1.33, நைலானைவிட நெருக்கம் என்பதால் கண்ணில் படுவது குறையும். ஆனால் அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு. மேல்மட்டத்தில் மிதக்கும் இரையின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிய நரம்பு மிதக்கும், ஆனால் அநேகமாக நீளவே நீளாது. ஒரே ரீலில் எல்லா இரையையும் மாற்றி மாற்றிக் கட்டுகிறவருக்கு 14, 15 பவுண்டு நைலான் எதற்கும் இடைஞ்சல் செய்யாது.

நீளம் ஏன் ஏழடி? நீண்ட கோலின் நுனி வேகமாகச் சுழலும், தூரம் கிடைக்கும். ஆனால் மீன் இழுக்கும்போது அதே நீளம் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. ரீலைப் பிடித்த கையிலிருந்து நுனிவரை 180 சென்டிமீட்டர், பின்னால் முழங்கைவரை 30 சென்டிமீட்டர் என்றால் விகிதம் ஆறுக்கு ஒன்று. நுனியில் 1 கிலோ இழுவை வந்தால் பின்புறத்தில் 6 கிலோ கொடுத்துத்தான் ஈடுகட்ட முடியும். கோல் வளைய வளைய இந்த நெம்புகோல் குறுகுகிறது, கைக்குச் சுமை குறைகிறது. கரையிலும் படகிலும் ஒன்றுபோலச் சமாளிக்கக்கூடிய நீளம் ஏழடி.

இனி கோல் செய்யும் பொருள். கார்பன் இழையின் விறைப்பு கண்ணாடி இழையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு, எடையோ குறைவு. 1970களில் கார்பன் கோல்கள் வந்த பிறகுதான் அந்த ‘டக்’ விரலுக்கு இவ்வளவு தெளிவாக வந்தது. ஆனால் விறைப்பு மிகுந்த கார்பனில் செய்த மெல்லிய குழாய் படகு விளிம்பில் ஒருமுறை இடித்தாலே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், பிறகொரு நாள் அங்கேயே முறியும். ஒரே கோல் வைத்திருப்பவருக்கு நடுத்தர விறைப்புள்ள கார்பன் போதும். உச்ச விலைக் கோலில் போடும் பணத்தை ரீலில் போடலாம்.

ரீலின் கதை நீளமானது. 1820 வாக்கில் கென்டக்கியின் பாரிஸ் நகரில் கடிகாரம் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் என்பவர், கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் நரம்பு சுற்றிய உருளை பலமுறை சுற்றும்படி பல்சக்கரம் வைத்த ரீல் ஒன்றைச் செய்தார். இன்றைய பெய்ட்காஸ்டிங் ரீல் அதன் வழிவந்தது. வீசும்போது இதில் உருளையே சுழல்கிறது. இரை நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உருளையின் சுற்றளவு 10 சென்டிமீட்டர் என்றால் அது நொடிக்கு 250 சுற்று, நிமிடத்துக்கு 15,000. காற்று இரையின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும், உருளைக்கோ வேகம் குறைய அவசரமில்லை. இரை கேட்பதைவிட அதிக நரம்பை அது அவிழ்த்துவிடும். வெளியேற வழியில்லாத நரம்பு உருளைக்குள்ளேயே சுருண்டு பெரிய சிக்காகிவிடும்.

இதைத் தடுக்க இரண்டு விதப் பிரேக்குகள் உண்டு. ஒன்றில், சுழலும் அலுமினிய உருளைக்குப் பக்கத்தில் காந்தங்கள் இருக்கும்; உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டம் சுழற்சியை எதிர்க்கும், அந்த எதிர்ப்பு வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடும். இன்னொன்றில் சின்னக் கட்டைகள் மையவிலக்கு விசையால் வெளியே தள்ளப்பட்டு வளையத்தில் உரசும். அந்த உரசல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதனால் இது தொடக்க வேகத்தில் பலமாகப் பிடித்துப் பிறகு விட்டுவிடும், காந்தம் கடைசிவரை பிடித்திருக்கும். பழகாதவருக்குக் காந்தம் நல்லது. எதுவானாலும் புது இரை கட்டியதும் கோலை நீட்டிப் பிடித்து, உருளையை விடுவிக்கும் பொத்தானை அழுத்தி, இரையைத் தரைக்கு விட வேண்டும். அது நிதானமாக இறங்கி, தரையைத் தொட்டதும் உருளையும் நிற்கும்வரை பக்கத்துத் திருகை இறுக்க வேண்டும். மீதி வேலை கட்டைவிரலுக்கு. இரை தண்ணீரைத் தொடும் கணத்தில் விரல் உருளையைத் தொட்டு நிறுத்த வேண்டும்.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் நெசவாலைத் தொழிலில் இருந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் இந்தச் சிக்கலையே ஒதுக்கிவிட்டார். 1905இல் அவர் காப்புரிமை பெற்ற ரீலில் உருளை அசையாது. நூல்கண்டின் தலைப்பக்கமாக நூலை உருவுவதுபோல் நரம்பு கழன்று போகும். அதன் வழிவந்தவைதான் ஸ்பின்னிங் ரீல்கள். சுழற்றிவிட வேண்டிய எடை இல்லாததால் 5 கிராம் இரையும் தூரம் போகும். பிள்ளைகளுக்கும் முதன்முறையாகப் பழகுகிறவர்களுக்கும் ஸ்பின்னிங் ரீலும் அதற்கேற்ற மீடியம் கோலும்தான் சரி. அதில் குறைவொன்றும் இல்லை. பாசிக்குள்ளிருந்து மீனை வெளியே இழுக்க வேண்டிய ஏரியென்றால் தடித்த நரம்போடு இணங்கும் பெய்ட்காஸ்டிங்கை ஒரு வாரம் முற்றத்தில் வீசிப் பழகி எடுத்துக்கொள்ளலாம்.

கியர் விகிதம் 7:1 அருகில் இருக்கட்டும். 34 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 75 சென்டிமீட்டர் நரம்பு ஏறும். 5:1 என்றால் 53தான். வேகமான ரீலை மெதுவாகச் சுற்றலாம். மெதுவான ரீலை வைத்துக்கொண்டு, நம்மை நோக்கி நீந்தி வரும் மீனின் தொய்வை அள்ள முடியாது. ஆழமாகப் போகும் கிராங்க்பெய்ட்டை நாள்முழுக்க இழுத்தால் மணிக்கட்டு வலிக்கும்தான்; அந்த விலையைக் கொடுக்கலாம்.

மீன் வலுவாக ஓடும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் உராய்வுத் தட்டுகளுக்கு டிராக் என்று பெயர். அதை நரம்பின் தாங்குதிறனில் கால்பங்குக்கு வைப்பது வழக்கம். 15 பவுண்டு நரம்பு என்றால் 1.7 கிலோ, கைத்தராசின் கொக்கியில் நரம்பைக் கட்டி இழுத்துப் பார்த்துவிடலாம். இவ்வளவு குறைவாக வைப்பதற்குக் காரணம் உண்டு. தட்டுகளின் திருப்புவிசை மாறாது, ஆனால் நரம்பு போகப் போக உருளையின் விட்டம் சுருங்கும். விட்டம் பாதியானால் அதே நரம்பை இழுக்க மீனுக்கு இருமடங்கு விசை வேண்டும். அதாவது 1.7 கிலோவுக்கு வைத்தது 3.4 கிலோவாகிவிடும். முடிச்சு பெரும்பாலும் நரம்பைவிடப் பலம் குறைந்தது. எனவே டிராக்கைச் சரிபார்ப்பதைக் காலையில் முடிச்சுப் போட்ட கையோடு செய்துவிட வேண்டும்.