டிரெய்லர் பிரேக் கட்டுப்படுத்தி

டிரெய்லர் பிரேக் கட்டுப்படுத்தி என்பது டிரெய்லரின் மின் பிரேக்குகளை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்க உதவும் கருவி ஆகும். வட அமெரிக்காவில் பிக்கப் டிரக்குகளில் இது பரவலாகப் பொருத்தப்படுகிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் இது டிரெய்லருக்கு மின்னோட்டத்தை அனுப்பும். அங்குள்ள மின்காந்தங்கள் சக்கரங்களின் பிரேக் கட்டைகளை விரியச் செய்யும்.

மின்னிணைப்பு

தனியாக வாங்கிப் பொருத்தும் கருவிகளில் பொதுவாக நான்கு கம்பிகள் உண்டு.

* கறுப்பு: 12 வோல்ட் மின்கலத்தின் நேர்முனை (சுற்றுமுறிப்பான் வழியாக)
* வெள்ளை: மின்கலத்தின் எதிர்முனை
* சிவப்பு: பிரேக் விளக்கின் சுவிட்ச்
* நீலம்: டிரெய்லர் பிரேக்குகள்

சிவப்புக் கம்பியை, பிரேக்கை மிதித்தால் மட்டுமே மின்சாரம் வரும் முனையில் இணைத்தல் வேண்டும். மறுமுனையில் இணைத்தால், பிரேக் எப்போதும் மிதிக்கப்பட்டிருப்பதாகக் கருவி கொள்ளும். வெள்ளைக் கம்பியின் இணைப்பு தளர்ந்தால் டிரெய்லர் பிரேக்குகள் வலுவிழக்கும். அந்நிலையில் பாரமேற்றிய டிரெய்லர் டிரக்கைப் பின்னிருந்து தள்ளக்கூடும்.