வயரைக் கடித்தது எலி! கை கொடுத்தது குட்டி ‘டாங்கிள்’!

பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன்பு இதைப் படியுங்கள்

சென்னை,

எல்லாம் ஒரு எலி செய்த வேலை.

திருவல்லிக்கேணியில் சிறிய ஜெராக்ஸ் கடை. கீழே கடை, மாடியில் வீடு. இண்டர்நெட் பெட்டி மாடியில் இருக்கிறது. படிக்கட்டு ஓரமாக இறங்கும் ஒரு வயர்தான் கடையில் உள்ள பழைய கம்ப்யூட்டருக்கு உயிர். ஒரு நாள் காலையில் கடையைத் திறந்தால் இண்டர்நெட் இல்லை. வயரை எலி குதறிப் போட்டிருந்தது.

அன்றைக்கென்று பார்த்து ஒரு வேலைக்கு மனுப் போடக் கடைசி நாள். வாசலில் பத்துப் பதினைந்து பேர் சர்டிபிகேட்டும் கையுமாக நின்றார்கள். “அண்ணே, சாயங்காலத்துக்குள்ள அனுப்பலேன்னா ஒரு வருஷம் போச்சுண்ணே” என்று ஒரு பெண் கண்ணைக் கசக்கினாள்.

“இது பாட்டன் காலத்துப் பெட்டி. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க” என்றார் பக்கத்துக் கடைக்காரர். யோசனை சொல்ல என்ன, காசா பணமா?

நம்மவர் நேராக மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்கு ஆட்டோவை விட்டார்.

கேள்வி மேல் கேள்வி

“வை-பை டாங்கிளா? உங்களுது எந்த விண்டோஸ் சார்?” என்று கேட்டார் கடைப் பையன்.

“ஏழு.”

“சி.டி. டிரைவ் ஓடுதா?”

“அது செத்து மூணு வருஷம் ஆச்சு தம்பி.”

“அப்ப டிரைவரை பென் டிரைவுல போட்டுத் தர்றேன். அது இல்லாம போனா திரும்பி வருவீங்க.”

இப்படிக் கேட்காத கடையில் வாங்காதீர்கள். டாங்கிள் என்பது கட்டை விரல் அளவு ரேடியோ. மாடியில் இருந்து வரும் அலையைப் பிடித்து யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆனால் அதை இயக்க ‘டிரைவர்’ என்ற புரோகிராம் வேண்டும். புதிய விண்டோசில் அது பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். பழையதில் நாம்தான் ஏற்ற வேண்டும். இண்டர்நெட்டில் இறக்கிக் கொள்ளலாமே என்பார்கள். இண்டர்நெட் வரத்தானே டிரைவரே கேட்கிறோம்!

செல்போனை வயரால் கம்ப்யூட்டரில் இணைத்து, போனில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’கை இயக்கினால் அவசரத்துக்குச் சமாளிக்கலாம். பாவம், இது அவருக்கு அப்போது தெரியாது.

இரும்புத் திரை

கடைக்கு வந்து டாங்கிளைப் பின்பக்கம் செருகினார். டிரைவரும் ஏறியது. சிக்னலோ வருவதும் போவதுமாக இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டி இரும்பு. அதுவும் மேஜைக்கு அடியில், சுவரை ஒட்டி. அலை எப்படி நுழையும்? ஒரு மீட்டர் யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி மேஜை மேல் வைத்தார். சிக்னல் நின்று பிடித்தது. அப்போது மணி மூன்று. ஐந்து மணிக்குள் அந்தப் பெண்ணின் மனுவும் போய்விட்டது.

இன்னொரு விஷயம். வை-பையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் புழக்கத்தில் உண்டு. விலை குறைந்த டாங்கிள் பல 2.4-ஐ மட்டுமே பிடிக்கும். வீட்டு வை-பையின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அதில் தெரியவே தெரியாது. ‘ஓட்டை மாலைக் கொடுத்துட்டான்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். வேகம் குறைவானாலும் சுவரைத் தாண்டி வருவதில் 2.4-தான் கெட்டி.

பெட்டிக்குள் மாட்டும் கார்டும் உண்டு. பழைய கம்ப்யூட்டரில் பி.சி.ஐ. பள்ளம் இருக்கும், இப்போது வரும் கார்டுகள் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். ஒன்றில் மற்றது நுழையாது. திறந்து பார்த்துவிட்டு வாங்கப் போங்கள்.

பூட்டு பழசு

விண்டோஸ் 7-க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-ந் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ந் தேதி வழக்கமான ஆதரவு நின்றது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. ஊரார் ஆதாரும் சர்டிபிகேட்டும் புழங்குகிற கடை ஆச்சே! வேலை முடிந்ததும் அவற்றை அழித்துவிடுகிறார் கடைக்காரர். கணக்குக்குத் தனியாக ஒரு காப்பி. பேங்க் வேலை எதுவும் அந்தப் பெட்டியில் கிடையாது.

இப்போது வயரையும் பைப்புக்குள் விட்டு மறுபடி இழுத்திருக்கிறார். “என்ன இருந்தாலும் வயர் வயர்தான் சார்” என்கிறார்.

எலி மட்டும் இன்னும் அகப்படவில்லை.