கழுகா, காகமா?

ஹந்தானை மலைக்கு மேலே வட்டமிட்ட பாம்புக் கழுகை நானாவின் கமராவால் நாற்பது படங்கள் எடுத்தேன். வீட்டில் வாப்பாவிடம் காட்டியபோது, “காகமா மகள்?” என்று கேட்டார். எல்லாப் படங்களிலும் பறவை வெறும் கரிய நிழலாகவே இருந்தது.

தோழியரே, காரணம் இதுதான். படத்தின் பெரும்பகுதி வானம். அந்த வெளிச்சத்துக்கேற்ப கமரா ஒளியைக் குறைத்துவிடுவதால் பறவை இருண்டுபோகிறது. ஆகவே, கமராவிலுள்ள ஒளியளவை நாமே +1 வரை கூட்ட வேண்டும். வானம் சற்று வெளிறினாலும், சிறகின் பின்னோரத்திலுள்ள வெள்ளைப் பட்டை தெளிவாகும். பாம்புக் கழுகின் அடையாளமே அதுதான்.

ஷட்டர் வேகம் 1/1000 செக்கனோ அதைவிட விரைவாகவோ இருந்தால் சிறகு கலங்காது. பறவை செல்லும் திசையில் கமராவையும் திருப்பிக்கொண்டே அழுத்துங்கள்.

நேரமும் முக்கியம். வெயிலில் மலைச்சரிவு சூடாகும்போது காற்று மேலெழும். அதில்தான் கழுகுகள் சிறகடிக்காமல் மிதக்கும். நண்பகலில் சிறகின் அடிப்பக்கம் நிழலாகிவிடும். எனவே, காலை ஒன்பது மணிக்குப் பின், சூரியன் நம் முதுகுப்பக்கம் இருக்குமாறு நிற்பது நல்லது. படத்துக்காகக் கூட்டை நெருங்க வேண்டாம்; அஞ்சிய பறவை கூட்டையே கைவிடக்கூடும்.

அடுத்த வாரம் எடுத்த படத்தை வாப்பா நெடுநேரம் பார்த்தார். “இது கழுகுதான் மகள்” என்றார்.